சிறை கடந்த சித்திரங்கள்



சிறைச்சாலையிலிருந்து தப்பிச் செல்லும் மனிதர்களைப் பற்றிய திரைப்படங்கள், அவற்றுள்ளும் உள்ளதை உள்ளபடி காட்டுவதையே விரதமாகக் கொண்ட படங்கள், நம் மனத்தை ஏன் இவ்வளவு வலுவாகப் பற்றிக்கொள்கின்றன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். சிறைவாசலை ஒருநாளும் மிதித்தறியாதவர்களும், சட்டத்துக்கு உட்பட்டு அமைதியாக இல்லறம் நடத்துகிறவர்களும், திரையிலே ஒரு கைதி தன் கொட்டடிக் கதவின் பலகையைக் கரண்டியால் சுரண்டும் ஓசை கேட்ட மாத்திரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு அமர்ந்துவிடுகிறார்கள்; தாழ்வாரத்தில் காவலனுடைய காலடி கேட்டால், தாமே குற்றம் செய்துகொண்டிருந்தவர்கள்போல நடுங்குகிறார்கள். இதை வெறும் பரபரப்பு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் பரபரப்பு படம் முடிந்ததும் வடிந்துபோகும். நான் இங்கே சொல்லப்போகும் படங்களோ, பார்த்துப் பல ஆண்டுகள் சென்ற பிறகும் மனத்தில் நின்று, நம்முடைய அன்றாடக் கடமைகளை நாம் செய்யும் முறையையே நிதானப்படுத்தும் ஆற்றல் உடையவை. அந்த ஆற்றல் எங்கிருந்து பிறக்கிறது என்பதை, பிரெஞ்சு நாட்டில் உருவான இரண்டு மகத்தான படங்களை முதன்மையாகக் கொண்டும், வேறு சிலவற்றை ஒப்புநோக்கியும் ஆராய்ந்து பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

முதற்படம் ராபர்ட் பிரெஸ்ஸோன் 1956-இல் அளித்த படைப்பு. மரண தண்டனை பெற்ற ஒருவன் தப்பிவிட்டான் என்பதே அதன் தலைப்பின் பொருள். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் பிரான்ஸை ஆக்கிரமித்திருந்த காலத்தில், லியோன் நகரத்து மோன்லுக் சிறையில் அடைபட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1943-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அங்கிருந்து தப்பிய ஆந்த்ரே தெவிஞி என்ற எதிர்ப்பியக்க வீரர் எழுதிய உண்மை வரலாறே இப்படத்துக்கு மூலம். தெவிஞி தாமே படப்பிடிப்புக்கு ஆலோசகராக இருந்தார். மோன்லுக் சிறையிலேயே பல காட்சிகள் எடுக்கப்பட்டன. அந்தச் சிறையில் 10,000 பேர் துன்புற்றதையும், அவர்களில் 7,000 பேர் மாண்டதையும் அறிவிக்கும் நினைவுக் கல்வெட்டே படத்தின் தொடக்கத்தில் நம் கண்முன் நிற்கிறது. கதாநாயகனான ஃபோன்தேன் வேடத்தை ஏற்றவர் தொழில்முறை நடிகர் அல்லர். பிரான்சுவா லெத்தெரியே என்ற தத்துவ மாணவர்.

தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். தப்பினானா, இல்லையா என்ற ஐயத்தைக் கடைசி நிமிஷம் வரையில் நீட்டிக்கொண்டுபோய், அந்த ஐயத்தை விற்றே பிழைப்பது சாமானியக் கதைக்காரனின் உபாயம். பிரெஸ்ஸோனோ அந்த மூலதனத்தை முதல் வரியிலேயே தானம் செய்துவிட்டுப் படத்தைத் தொடங்குகிறார். அப்படியிருந்தும் அப்படத்தில் நம் நெஞ்சு துடிப்பதுபோல வேறு படங்களில் துடிப்பதில்லை. முடிவு தெரிந்துவிட்டபடியால், நம்முடைய கவனம் முழுவதும் எவ்வாறு என்ற கேள்வியின்மேல் சென்று குவிகிறது. இராமன் வெல்வான் என்பதை அறிந்தே விடியவிடியக் கண் விழித்துக் கூத்துப் பார்த்த பரம்பரையில் வந்த நமக்கு, இந்த ரகசியத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அந்த எவ்வாறு என்பதன் விவரங்களைச் சற்றுப் பார்ப்போம். ஃபோன்தேன் அடைபட்டிருக்கும் அறையின் கதவு தடித்த ஓக் மரப் பலகைகளால் ஆனது. ஆனால் அப்பலகைகளை ஒன்றோடொன்று இணைக்கும் இடைப்பட்டைகள் மென்மையான வேறு மரம் என்பதை, நாளெல்லாம் அக்கதவையே நோக்கியிருந்த அவன் கண்டுகொள்கிறான். உணவோடு வந்த இரும்புக் கரண்டி ஒன்றைத் திருப்பிக் கொடாமல் மறைத்து வைத்து, சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து அதை உளியாக்குகிறான். அந்த உளியைக் கொண்டு இணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறான். உதிரும் மரத்தூளைத் துகள் விடாமல் கூட்டி மறைக்கிறான். கரண்டி முறிந்தால் மற்றொன்றுக்காகக் காத்திருக்கிறான். கதவு ஒருநாள் கழன்று வருகிறது. பிறகு கட்டிலின் கம்பி வலையைப் பிரித்து, கம்பளியையும் துணிகளையும் கிழித்து, கம்பியோடு சேர்த்து முறுக்கிக் கயிறு திரிக்கிறான். விளக்குக் கூண்டின் சட்டத்தை வளைத்துக் கொக்கிகள் செய்கிறான். இவை எதனையும் பிரெஸ்ஸோன் அவசரப்படுத்துவதில்லை. கைகளைக் காட்டுகிறார், கருவியைக் காட்டுகிறார், மரத்தைக் காட்டுகிறார். அடிக்குரலில் அவனே சொல்லிச் செல்லும் சுருக்கமான வாக்கியங்களைக் கேட்கச் செய்கிறார். இருபது நிமிஷம் இப்படிச் சென்றபின் பார்வையாளனுக்கு ஓர் அற்புதம் நிகழ்கிறது: மரமும் இரும்பும் துணியும் இன்னதைத் தாங்கும், இன்னதைத் தாங்காது என்ற ஞானம் அவனுக்கும் உண்டாகிவிடுகிறது. அந்த ஞானம் வந்தவுடன் அவன் வெறும் பார்வையாளனாக இருப்பதில்லை. அந்த வேலையில் ஒரு பங்காளி ஆகிவிடுகிறான்.

இத்தகைய படங்களின் கவர்ச்சிக்கு முதற்காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. மனிதனிடமிருந்து அனைத்தையும் பறித்துவிட்டால், அவனுடைய பெயரையும் உடையையும் பகலையும் இரவையும்கூட மற்றவர்கள் ஆணையிடத் தொடங்கிவிட்டால், அவனிடம் எஞ்சுவது என்ன? அவனுடைய கவனம் எஞ்சுகிறது. அவனுடைய இரண்டு கைகள் எஞ்சுகின்றன. அந்த எச்சத்தைக் கொண்டே அவன் ஒரு கதவைத் திறக்க முடியும் என்று காட்டும்போது, மனித உழைப்பின் கௌரவத்தை, வேறு எந்த மேடைப் பிரசங்கமும் சொல்ல முடியாத தெளிவோடு, இப்படங்கள் நமக்குப் பிரத்யட்சமாக்குகின்றன. சாதாரண சாகசப் படத்தில் வீரன் உதைத்தால் சுவர் விழுகிறது. நமக்கும் அது களிப்புத்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் உதைத்தால் விழும் சுவர் உண்மையில் சுவர் அன்று. அதை வென்றவனும் எதையும் வெல்லவில்லை. பொருள்களின் எதிர்ப்பு உண்மையாக இருக்கும்போதுதான் அவற்றை வெல்லும் பொறுமையும் உண்மையாக இருக்கிறது. யதார்த்தம் என்பது இங்கே அலங்காரம் அன்று, படத்தின் தர்மமே அதுதான்.

இரண்டாவது படம் ழாக் பெக்கேர் இயக்கி 1960-இல் வெளிவந்தது. குழி என்பதே அதன் பெயர். பாரிஸ் நகரத்து லா சாந்தே சிறையில் 1947-இல் கைதிகள் சிலர் நடத்திய தப்பும் முயற்சியே அதன் கதை. அந்த முயற்சியில் பங்குகொண்டவர்களில் ஒருவரான ழோஸே ஜொவானி 1957-இல் அதை நாவலாக எழுதினார். அவர்களில் மற்றொருவர், ழான் கெரோதி என்ற பெயரில், அந்தத் திட்டத்தின் மூளையாக விளங்கும் ரோலான் வேடத்தில் தாமே நடித்தார். படத்தின் தொடக்கத்தில் அவரே ஒரு மோட்டார் வண்டியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்துவிட்டு நம்மை நோக்கி நிமிர்ந்து, தம்முடைய கதையைத்தான் பெக்கேர் படமாக்கியிருக்கிறார் என்று சொல்கிறார். பெக்கேர் அப்படம் திரைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, அவ்வாண்டு பிப்ரவரியில், காலமானார். தம் கடைசிப் படைப்பு மக்களைச் சென்றடைவதை அவர் கண்ணால் காணவில்லை.

இப்படத்தில் பாத்திரங்கள் பேசுவதும் வேலை செய்வதுமான ஓசைகளைத் தவிர, கதை முடியும் வரையில் இசை என்பதே இல்லை. அறையின் தரையைக் கட்டில் இரும்பால் இடித்து உடைக்கும் காட்சி ஒன்று உண்டு. ஏறத்தாழ நான்கு நிமிஷம், காமிரா அந்தத் தரையைவிட்டு விலகாமல், வெட்டில்லாமல் பார்த்துக்கொண்டேயிருக்கிறது. இரும்பு விழுகிறது, காங்கிரீட் எதிர்க்கிறது. ஒருவன் கை சோர்ந்தால் மற்றொருவன் வாங்கிக்கொள்கிறான். முதலில் வெறும் கீறல், பிறகு பொடி, பிறகு சில்லு, இறுதியில் பெயர்ந்து வரும் துண்டு. ஒரு நிமிஷத்தில் சலிப்புத் தட்டவேண்டிய காட்சி அது. ஆனால் திரையரங்கில் அதைப் பார்ப்பவர் எவரும் இமை கொட்டுவதில்லை. பல் துலக்கும் பிரஷில் கண்ணாடித் துண்டைக் கட்டி, கதவிலுள்ள துளை வழியாகத் தாழ்வாரத்தை நோட்டமிடும் பெரிஸ்கோப்பும், மருந்துக் குப்பிகளையும் மணலையும் கொண்டு சமைத்த மணற்கடிகாரமும், காவலர் எட்டிப்பார்க்கும் வேளையில் படுக்கையில் ஆள் புரள்வதுபோலக் கயிற்றால் அசைக்கப்படும் பொம்மையும், அத்தனை எளிமையும் அத்தனை சாமர்த்தியமும் கலந்தவை. நாழிகை தெரியாத சுரங்க இருளுக்குள் காலத்தையே கையால் செய்துகொள்ளும் மனிதர்களை இங்கே காண்கிறோம்.

பிரெஸ்ஸோன், பெக்கேர் ஆகிய இருவருமே போரின் தொடக்க ஆண்டுகளில் ஜெர்மன் முகாமில் போர்க்கைதிகளாக இருந்தவர்கள். பெக்கேருக்கு இன்னொரு வழியிலும் இந்தப் பாரம்பரியம் வந்து சேர்ந்தது. முதல் உலகப் போரின் கைதி முகாம்களைப் பற்றி ழான் ரென்வார் 1937-இல் எடுத்த மகா மாயை என்ற படத்தில் அவர் உதவி இயக்குநராகப் பணியாற்றியவர். அந்தப் படத்தில், பிரெஞ்சுக் கைதிகள் இரவிரவாகத் தோண்டிய சுரங்கம் முடிவடையும் தறுவாயில் அவர்கள் வேறு முகாமுக்கு மாற்றப்படுகிறார்கள். அவர்களுடைய அறைக்கு வரும் ஆங்கிலக் கைதிகளிடம் அச்செய்தியைச் சொல்ல முயன்றால், பாஷை புரியாமல் அந்த உழைப்பெல்லாம் மண்ணுக்குள்ளேயே கிடந்துபோகிறது. தப்பும் கதையில் தோல்விக்கும் இடம் உண்டு என்பதை இவர்கள் ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்லர்.

இனி இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். தனிமனிதனுடைய உழைப்பைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆனால் இந்த இரண்டு படங்களையும் நிதானமாகப் பார்த்தால், தனியாக எவனும் தப்புவதில்லை என்பது விளங்கும். ஃபோன்தேனுடைய கைவிலங்கைத் திறந்த ஊக்கு மற்றொரு கைதி கொடுத்தது. ஓர்ஸினி என்ற சகக்கைதி தப்ப முயன்று அகப்பட்டு, சுட்டுக் கொல்லப்படுவதற்கு முன்னால், மதிலைக் கடக்கக் கொக்கிகள் வேண்டும் என்ற பாடத்தை அவனுக்குத் தந்துவிட்டுப் போகிறான். அடுத்த அறையிலிருக்கும் கிழவர், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற அளவுக்கு மனம் கசந்தவர், முதலில் இவனுடைய முயற்சியையே வெறுத்தவர், முடிவில் தம் கம்பளியைக் கயிற்றுக்காகக் கொடுக்கிறார். ஓர்ஸினி தோற்றதனால்தான் நீ வெல்ல முடியும் என்ற உண்மையையும் அவரே உணர்த்துகிறார். கடைசி நாட்களில் ழோஸ்த் என்ற பதினாறு வயதுப் பையனை ஃபோன்தேனுடைய அறையில் கொண்டுவந்து அடைக்கிறார்கள். அவன் ஒற்றனாக இருக்கலாம். அவனைக் கொல்வதா, அழைத்துச் செல்வதா என்ற தர்மசங்கடத்தில் நின்ற ஃபோன்தேன், நம்புவது என்று தீர்மானிக்கிறான். இறுதி இரவில் ஒரு மதிலின் அடியில் நின்றபோது, இந்தப் பையன் இல்லாவிட்டால் இதைத் தன்னால் தாண்டியிருக்க முடியாது என்பதை அவன் கண்டுகொள்கிறான். சந்தேகத்தின் வசப்பட்டு அவனைக் கொன்றிருந்தால், தன்னுடைய விடுதலையையே அவன் கொன்றிருப்பான்.

பெக்கேரின் படத்தில் இந்த நம்பிக்கையின் மறுபக்கத்தைக் காண்கிறோம். சாக்கடைச் சுரங்கத்தைக் குடைந்து சென்ற இருவர், ஓரிரவு, தெருவிலுள்ள இரும்பு மூடியைத் தூக்கி வெளியே தலையை நீட்டுகிறார்கள். எதிரே பாரிஸ் வீதி. ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு வாடகைக் கார் கடந்து செல்கிறது. ஏறிப் போய்விட்டால் தடுப்பார் இல்லை. ஆனால் அறையில் இன்னும் மூன்று தோழர்கள் காத்திருக்கிறார்கள். ஆகையால் இருவரும் மூடியைப் போட்டுவிட்டு, மறுபடி சுரங்கத்தில் இறங்கி, சிறைக்கே திரும்புகிறார்கள். கைக்கெட்டிய சுதந்திரத்தைத் தோழருக்காக ஓர் இரவு தள்ளிவைத்த அந்தச் செயலைக் காட்டிலும் பெரிய வீரத்தை நான் திரையில் கண்டதில்லை. அப்படித் திரும்பிய இருவரில் ஒருவனே, கஸ்பார் என்ற இளைஞன், தன் வழக்குத் தளர்ந்து தான் மட்டும் விடுதலையாகும் வாய்ப்பு உண்டு என்று தெரிந்தபின், தோழர்களைக் காட்டிக்கொடுத்துவிடுகிறான் என்பது அப்படத்தின் பெருந்துயரம். அகப்பட்டு நிற்கும் ரோலான் அவனை ஏசவில்லை. பாவம் என்று இரங்குகிறான். தப்பாமற்போன அந்தக் கைதியின் நெஞ்சில் இருக்கும் விசாலம், விடுதலை பெறப்போகும் கஸ்பாருக்கு இல்லை.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்தபோது, பெருமிதம் என்பது கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என்று கூறினார். இந்தப் படங்களைக் கண்டு எழும்போது நம் உள்ளத்தில் நிற்பதும் அந்தப் பெருமிதந்தான். கதவின் மர்மத்தை அறிந்த கல்வி அங்கே இருக்கிறது. அஞ்சாத தறுகண் இருக்கிறது. ஊக்கும் கம்பளியும் கொடுத்த கொடை இருக்கிறது. புகழ் ஒன்றுதான் இல்லை. யாரும் காணாமல், காணவே கூடாதென்ற நிபந்தனையோடு செய்யப்படும் வேலை அது. புகழை எதிர்நோக்காத உழைப்புக்குத் திரைப்படம் ஒன்றே சாட்சியாக நிற்கிறது. அந்தச் சாட்சியத்தில் நமக்கும் இடம் கிடைக்கிறது என்பதே நாம் பெறும் பேறு.

உண்மைச் சம்பவத்திலிருந்து பிறந்த படங்கள் அனைத்தும் இந்த நிலையை எட்டிவிடுவதில்லை. ஜான் ஸ்டர்ஜெஸ் 1963-இல் எடுத்த மாபெரும் தப்புதல் என்ற ஹாலிவுட் படத்தை உலகமே அறியும். 1944 மார்ச் 24-ஆம் தேதி இரவு, ஸ்டாலக் லுஃப்ட் 3 என்ற முகாமிலிருந்து 76 விமானப்படைக் கைதிகள் சுரங்கம் வழியாக வெளியேறினார்கள்; அவர்களில் 73 பேர் பிடிபட்டார்கள்; ஹிட்லரின் ஆணையால் 50 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; மூவர் மட்டுமே பிடிபடாமல் தப்பினார்கள். கட்டில் பலகைகளை உருவிச் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுத்ததையும், தோண்டிய மணலைக் கால்சட்டைக்குள் பைகளில் மறைத்துக் கொண்டுபோய்த் தோட்டத்தில் உதிர்த்ததையும் காட்டும் வரையில் அப்படம் உன்னதமாக இருக்கிறது. புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பாய்ச்சல் வந்ததும், அது கற்பனை என்பதை உள்ளம் உடனே உணர்ந்துகொள்கிறது; மகிழ்கிறோம், ஆனால் நம்புவதை நிறுத்திவிடுகிறோம். அதற்கு மாறாக, டான் சீகல் 1979-இல் எடுத்த அல்கட்ராஸ் படம், அந்தத் தீவுச் சிறையிலேயே படமாக்கப்பட்டு, 1962 ஜூன் 11 இரவு ஃபிராங்க் மோரிஸும் ஆங்ளின் சகோதரர் இருவரும் செய்த காரியத்தை அடக்கமாகச் சொல்கிறது. காற்றுத்துளையைக் கரண்டியால் அகழ்ந்ததும், உண்மைத் தலைமயிர் ஒட்டிய பொம்மைத் தலைகளைப் படுக்கையில் வைத்ததும், ஐம்பதுக்கு மேற்பட்ட மழைக்கோட்டுகளைக் கொண்டு தெப்பம் செய்ததும் வரலாறு. அவர்கள் கரை சேர்ந்தார்களா என்பது இன்றுவரை தெளியவில்லை. படமும் அதைத் தெளிந்ததாகப் பாவனை செய்யவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழுவது நியாயமே. மோன்லுக்கில் இருந்தவர்கள் தேசத்துக்காகச் சிறைப்பட்டவர்கள். லா சாந்தேயிலும் அல்கட்ராஸிலும் இருந்தவர்களோ குற்றவாளிகள். அவர்கள் தப்பவேண்டும் என்று நாம் விரும்புவது அறத்துக்கு ஏற்குமா என்று கேட்கலாம். நான் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பெக்கேர் அந்தக் கைதிகளுடைய குற்றங்களைப் புகழவும் இல்லை, அவற்றுக்கு நியாயம் கற்பிக்கவும் இல்லை. காவலர்களைக் கொடியவர்களாகச் சித்திரிக்கவும் இல்லை. குற்றம் செய்தவனிடத்திலும் பொறுமையும் தோழமையும் சொன்ன சொல் தவறாமையும் இருக்கக்கூடும் என்பதை மட்டுமே காட்டுகிறார். ஒரு மனிதனைத் தண்டிக்கச் சமூகத்துக்கு உரிமை உண்டு. அவன் மனிதன் என்பதை மறந்துவிட உரிமை இல்லை. இந்த விவேகத்தை ஊட்டும் கலையினால் சட்டத்துக்குக் கேடு வராது. தண்டிக்கும் நீதிக்குக் கண் திறக்கும்.

இசையைப் பற்றி ஒரு சொல் கூறி முடிவுக்கு வருகிறேன். பிரெஸ்ஸோனின் படத்தில் மோட்சார்ட்டின் தேவாலய இசையில் ஒரு பகுதி அபூர்வமாக, சில இடங்களில் மட்டும் ஒலிக்கிறது. கைதிகள் வரிசையாகத் தங்கள் கழிவு வாளிகளைச் சுமந்து முற்றத்துக்குச் சென்று கொட்டும் வேளை அவ்விடங்களில் ஒன்று. மற்ற நேரமெல்லாம் சாவிக்கொத்தின் ஓசை, கூரையின் சரளைக்கல் நெரியும் ஓசை, தூரத்து ரயிலின் ஓசை, மதில்களுக்கிடையே சுற்றிவரும் காவலனுடைய சைக்கிளின் கிரீச்சொலி, இவையே சங்கீதம். ரயில் வரும்போது ஓர் அடி வைக்கலாம், போய்விட்டால் நிற்கவேண்டும். இப்படிச் செவியால் பார்க்கக் கற்றுக்கொண்ட ரசிகன், வேறு படங்களின் இடைவிடாத வாத்திய முழக்கத்தைப் பிறகு எளிதில் பொறுத்துக்கொள்ள மாட்டான்.

திருக்குறளில் ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தை அடுத்து இடுக்கண் அழியாமை என்ற அதிகாரம் நிற்பது தற்செயல் அன்று என்று நான் கருதுகிறேன். விடாமுயற்சியும், துன்பத்தில் உடையாத உள்ளமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. அந்த இரண்டையும் ஓர் அறைக்குள், ஒரு கரண்டியைக் கொண்டு, கண்கூடாகக் காட்டியவை இந்தப் படங்கள். ஆகையால், திரைப்படம் எடுக்கும் கனவோடு இங்கே வந்திருக்கும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: இந்த இரண்டு பிரெஞ்சுப் படங்களையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள், பிறகு, நெசவானாலும் தச்சானாலும் உழவானாலும், மனிதர் கையால் செய்யும் ஒரு வேலையை, அவசரப்படாமல், பொய் கலவாமல், அதன் முழு நேரத்தையும் கொடுத்துப் படமாக்கிப் பாருங்கள். அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு மக்கள் வருவார்களா என்று அஞ்சவேண்டாம். உண்மையான உழைப்பை உண்மையாகக் காட்டினால், மக்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள்.